அட்லாண்டாவின் வீடும் தேக்காவின் கடையும்: சிங்கப்பூர்த் தமிழ் ட்ராப் இசை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ட்ராப் இசைக்குப் பெயர் கொடுத்தது ஒரு வீடு. அமெரிக்காவின் தென்பகுதியில், குறிப்பாக அட்லாண்டா நகரின் கறுப்பின மக்கள் வாழும் பேட்டைகளில், போதைப்பொருள் கைமாறும் வீட்டை ‘ட்ராப்’ என்று சொன்னார்கள். அந்த வீட்டைச் சுற்றி எழுந்த சொல்லிசைக்கும் அதே பெயர் நிலைத்தது. 2018இல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர் யங் ராஜா, இந்த இசையின் தாளத்தில் தம் முதல் தனிப்பாடலை வெளியிட்டார். அதன் பெயர் ‘முஸ்தஃபா’. தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவின் சையது ஆல்வி சாலையில், கடிகாரத்திலிருந்து கருவாடு வரை விற்கும் அந்தப் பேரங்காடியை அறியாத தமிழர் சிங்கப்பூரில் இல்லை.

கடல் கடந்து வந்தது ஒலி மட்டுமே. வீடு வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடை வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தைத் தற்செயல் என்றோ இளைஞர் விளையாட்டு என்றோ கடந்துவிட முடியாது. சிங்கப்பூரின் வீடமைப்புக் கொள்கை, அதன் சட்டங்கள், இங்கே தமிழ் வாழும் விதம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதைச் செய்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். சிங்கப்பூர்த் தமிழ்ச் சொல்லிசையை அமெரிக்க நகல் என்று ஒதுக்குவோர், எது வந்தது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பிரிப்பில்தான் ஆய்வுக்குரிய செய்தி இருக்கிறது.

2. அட்லாண்டா: ஒரு வீட்டின் வரலாறு

ட்ராப் இசையைக் குற்றத்தின் பெருமைப் பாட்டாகக் கேட்பவர்கள், அது பிறந்த ஆண்டுகளின் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் சட்டத்தின்படி, விற்பதற்காக 5 கிராம் ‘கிராக்’ கட்டி வைத்திருந்தவருக்கும் 500 கிராம் கோக்கைன் தூள் வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை: ஐந்தாண்டுச் சிறை. கிராக், ஏழைக் கறுப்பினப் பேட்டைகளில் புழங்கிய மலிவான பொருள். தூள், வசதி படைத்தவர்களிடம் இருந்தது. நூறுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறையின் தகப்பன்மார்களும் அண்ணன்மார்களும் சிறைக்குப் போனார்கள். ட்ராப் அவர்களுடைய தம்பிகளின் இசை.

குடியிருப்பின் கதையும் இதோடு பின்னிக்கிடக்கிறது. அமெரிக்க மைய அரசின் முதல் பொதுக் குடியிருப்பான டெக்வுட் ஹோம்ஸ் 1936இல் அட்லாண்டாவில்தான் திறக்கப்பட்டது. 1996 ஒலிம்பிக் போட்டிகளுக்காக நகரம் தன்னை அழகுபடுத்திக்கொண்டபோது அது இடிக்கப்பட்டது. பிற பெரிய பொதுக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து விழுந்தன. அந்த ஆண்டுகளில்தான் அட்லாண்டாவின் சொல்லிசை தனக்கென ஒரு குரலைக் கண்டது. குடி மாப் குழுவின் ‘சோல் ஃபூட்’ 1995இல் வந்தது, அவுட்காஸ்டின் ‘அக்வெமினை’ 1998இல். அவற்றில் ட்ராப் ஓர் இடமாகத்தான் வருகிறது, இசைவகையாக அல்ல. அதை இசைவகையின் பெயராக ஊன்றியது 2003இல் டி.ஐ. வெளியிட்ட ‘ட்ராப் மியூசிக்’ என்ற தொகுப்பு. 2005இல் ஜீஸியும் கூச்சி மேனும் அதை உறுதிப்படுத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் டிஜே டூம்ப், ஷாட்டி ரெட், ஸேடோவன் போன்ற இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். ஸேடோவன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கூச்சி மேனின் பாடல்களில் கேட்கும் அந்த ஏக்கம் கலந்த விசைப்பலகை ஒலி எங்கிருந்து வந்தது என்பதை இந்த ஒரு செய்தி விளக்கிவிடும்.

அதற்குப் பிந்தைய பயணம் வேகமானது. 2010இல் லெக்ஸ் லூகர் என்ற இளைஞர் வாக்கா ஃப்ளாக்காவுக்கும் ரிக் ராஸுக்கும் அமைத்துக் கொடுத்த இசை, ட்ராப்பின் ஒலியை உலகறியச் செய்தது. 2013இல் மீகோஸ் குழுவின் ‘வெர்சாச்சி’ பாடும் முறையையே மாற்றியது. 2017 ஜனவரியில் அவர்களுடைய ‘பேட் அண்ட் பூஜி’ அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. இத்தனைக்கும் பிறகு அட்லாண்டாவில் அந்த வீட்டின் நிழல் விலகவில்லை. 2022 மே மாதம் அந்நகரின் சொல்லிசைஞர் யங் தக் கைதானபோது, அரசு வழக்கறிஞர்கள் அவருடைய பாட்டு வரிகளையே சான்றாக நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள்.

3. ஒலியின் கூறுகள்

ட்ராப் இசையின் அடித்தளம் ஒரு ஜப்பானியப் பெட்டி. ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கெஹாஷியின் குழு 1980இல் டிஆர்-808 என்ற தாளக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்த முரசொலி எதுவும் கிடையாது, எல்லா ஒலியையும் மின்சுற்றுகளே உண்டாக்கின. உண்மையான டிரம்மைப் போல ஒலிக்கவில்லை என்று பலரும் அதை ஒதுக்கினார்கள். ஏறத்தாழ 12,000 கருவிகளோடு 1983இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் அது கறுப்பின இளைஞர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் ‘கிக்’ ஒலியை நீட்டினால், அடித்த அடி அடங்காமல் ஒரு தாழ்ந்த முழக்கமாகத் தொடரும். அந்த முழக்கத்தைச் சுருதி சேர்த்து, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க வைத்ததுதான் ட்ராப் இசையமைப்பாளர்களின் முத்திரை. பின்னாளில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற பெல்ஜிய மென்பொருள் வந்ததும் அந்தப் பெட்டிகூடத் தேவைப்படவில்லை. படுக்கையறையும் ஒரு மடிக்கணினியும் போதும்.

மேலே ஓடுவது ‘ஹை-ஹேட்’ தாளத்தட்டு. நிமிடத்துக்கு 130 முதல் 150 வரை அடி விழும் வேகத்தில் அது முப்பத்திரண்டாகத் துண்டுபட்டுச் சிதறும். கைதட்டல் மட்டும் பாதி வேகத்தில் விழும். கேட்பவருக்கு ஒரே நேரத்தில் விரைவும் நிதானமும் கிடைப்பது இதனால்தான். மெம்ஃபிஸ் நகரின் த்ரீ சிக்ஸ் மாஃபியா தொண்ணூறுகளில் பழக்கி, மீகோஸ் உலகமெங்கும் பரப்பிய பாடுமுறை ஒன்று இந்த அடித்தளத்தின் மேல் வந்து அமர்ந்தது. ஓர் அடிக்கு மூன்று அசை என்பது அதன் கணக்கு. தமிழ் இசை மரபு இதைத் திஸ்ரம் என்று அறியும்.

4. தேக்காவில் அந்த வீடு ஏன் இல்லை

சிங்கப்பூரில் ஒரு தமிழ் இளைஞன் ‘என் பேட்டை’ என்று பாட வந்தால் எந்த இடத்தைச் சொல்வான்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல் தொடங்கப்பட்டது. இன்று குடியிருப்பாளர்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு அது உச்சவரம்பு விதித்தது. இந்தியர்களையும் பிற இனத்தவரையும் சேர்த்த பிரிவுக்கு 2010 முதல் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. எனவே தமிழர்கள் மட்டும் வாழும் பேட்டை என்ற ஒன்று இத்தீவில் உருவாக முடியாது. ஈசூனிலும் உட்லண்ட்சிலும் பிடோக்கிலும் தமிழ்க் குடும்பங்கள் சிதறி வாழ்கின்றன. பக்கத்து வீட்டில் சீனர், மேல் மாடியில் மலாய்க்காரர்.

அட்லாண்டாவின் பேங்க்ஹெட்டும் தேக்காவும் ஒப்பிடத்தக்க இடங்கள் அல்ல என்பது இதிலிருந்தே தெரியும். பேங்க்ஹெட், கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டை. அதை விட்டு வெளியேற வழியில்லாமல் வாழ்ந்த இடம் என்றும் சொல்லலாம். தேக்கா, சிங்கப்பூரில் பிறந்த தமிழருக்கு வந்து போகும் இடம். சந்தையில் மீனும் முருங்கைக்காயும், கேம்பல் லேனில் பூவும் மாலையும், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் தோள் உரசும் கூட்டமும். ஞாயிற்றுக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, வாழை இலையில் சாப்பிட்டு, எம்ஆர்டி ரயில் ஏறி வீடு திரும்புவது பல குடும்பங்களின் வழக்கம். ஒரு சமூகம் வீடுகளில் சிதறியும் கடைத்தெருவில் கூடியும் வாழும்போது, அதன் இளைஞன் கடையைப் பாடுவதே இயல்பு.

முஸ்தஃபா அந்தக் கடைகளிலெல்லாம் பெரியது. 1971இல் கேம்பல் லேனில் சிறிய துணிக்கடையாகத் தொடங்கிய வணிகம் அது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கடை, தமிழர்களின் அடையாளமாகவும் ஆகியிருப்பது தேக்காவின் தன்மைக்குச் சான்று. 2003 முதல் பல ஆண்டுகள் இரவும் பகலும் திறந்திருந்தது. வேலை முடிந்து நள்ளிரவில் ஊருக்குப் பணம் அனுப்புபவரும் அங்கே வந்தார், விடியற்காலை விமானத்துக்குப் பெட்டி கட்டுபவரும் வந்தார்.

இன்னொரு தடை சட்டம். 1973இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை விதிக்கப்படலாம். இந்தச் சூழலில் போதை விற்கும் வீட்டைப் பெருமையாகப் பாடினால் அதை நம்ப யாரும் இல்லை, பொறுக்கவும் யாரும் இல்லை. வாழாத வாழ்க்கையை வாழ்ந்ததாகப் பாடாமல் இருந்ததை நான் யங் ராஜாவின் நேர்மையாகவே கருதுகிறேன். அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள். அவரே வசந்தம் ஒளிவழி நாடகங்களில் நடித்து வளர்ந்தவர். அமெரிக்கர் லில் பம்பின் ‘கூச்சி கேங்’ 2017இல் உலகைச் சுற்றியபோது அதை ‘பூரி கேங்’ என்று மாற்றிப் பாடித்தான் முதலில் பெயர் பெற்றார். இத்தாலிய ஆடம்பரப் பையின் பெயர் இருந்த இடத்தில் அம்மா சுடும் பூரி வந்து அமர்ந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு கருத்தும் இருந்தது: ட்ராப் இசை பெருமை பேசும் கலை, எதைப் பற்றிப் பெருமை பேசுவது என்பதை இந்தத் தெருவே தீர்மானிக்கும் என்ற கருத்து. 2019 செப்டம்பரில் யுனிவர்சல் நிறுவனம் டெஃப் ஜாம் தென்கிழக்காசியப் பிரிவைத் தொடங்கியபோது, அதன் முதல் கலைஞர்களுள் அவரும் மலாய் மொழிச் சொல்லிசைஞர் ஃபரிஸ் ஜப்பாவும் இருந்தார்கள்.

5. மொழி

தமிழ்ச் சொல்லிசையின் மூத்த ஊர் கோலாலம்பூர். போயட்டிக் அம்மோ குழுவில் தொடங்கிய யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் நட்சத்திரா குழுவாக 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாடல் ஒன்றை எடுத்து அவர்கள் செய்த மறுஆக்கம், ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும், கடல் தாண்டிச் சென்னைக்கும் போனது. அவர்களுடைய தமிழ் நிமிர்ந்த தமிழ். தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகள் காத்துவந்த மேடைத் தமிழின் கம்பீரம் அதில் இருந்தது.

சிங்கப்பூரின் நிலை வேறு. இங்கே தமிழ் ஆட்சிமொழி, பாடமொழி, எம்ஆர்டி நிலையங்களில் எழுதப்பட்டிருக்கும் மொழி. ஆனால் வீட்டில் தமிழையே அதிகம் பேசும் குடியிருப்பாளர்களின் பங்கு 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல தமிழ் என்பது செய்தியறிக்கைக்கும் தேர்வுத்தாளுக்கும் உரியது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிக்கிடந்தது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழையும் வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது இதை உணர்ந்துதான். யங் ராஜாவின் பாடல்களில் ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வருவதை மொழிச் சிதைவு என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்களின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் என் முடிவு வேறு. புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து இந்த இளைஞர்கள் பேசும் தமிழ் அதுதான். அதை மேடையேற்றியதன் மூலம், ‘எனக்குத் தமிழ் சரியா வராது’ என்று ஒதுங்கிய பிள்ளைக்கும் அவர் ஓர் இடம் கொடுத்தார்.

தாளம் இதற்குத் துணைநின்றது. மீகோஸ் பாணியில் ஓர் அடிக்கு மூன்று அசை நிரப்ப வேண்டும். அழுத்தத்தை நம்பி நடக்கும் ஆங்கிலத்தில் அதற்குச் சொற்களை நறுக்க வேண்டியிருக்கிறது. குறிலும் நெடிலும் அளந்து நடக்கும் தமிழில் சொல்லே அளவாக வந்து விழும். ‘முஸ்தஃபா’ என்பதையே எடுத்துக்கொள்வோம். முஸ், த, ஃபா என்று சரியாக மூன்று. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த மூன்றன் நடையில் துள்ளியது. அருணகிரிநாதரின் சந்தங்கள் அதற்கும் முந்தியவை. தைப்பூசத்தில் இவற்றைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ட்ராப்பின் ஓட்டம் அந்நியமாகப் படாது.

6. உருமியும் 808உம்

காதுக்குப் பழக்கமான இன்னொன்றும் உண்டு. உருமி மேளத்தை அருகில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒரு முகத்தைக் குச்சி அடிக்கும், மறுமுகத்தை வளைந்த குச்சி அழுத்தி உரசும். அந்த உரசலில் பிறக்கும் ஒலி, அடியாக முடியாமல் ஓர் உறுமலாக ஏறி இறங்கி வழுக்கும். விலா எலும்பில்தான் முதலில் உணர்வோம். சுருதி வழுக்கும் 808 முழக்கமும் உடலைத் தொடுவது இதே வழியில்தான். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. ஆனாலும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்களிடம் உருமி மேளக் குழுக்களுக்கு இருக்கும் ஈர்ப்பையும் ட்ராப்புக்கு இருக்கும் ஈர்ப்பையும் தனித்தனியாக ஆராய்வது தவறு என்பேன். ஒரே உடல் இரண்டையும் கேட்கிறது.

சிங்கப்பூரில் உருமிக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. குழுக்களிடையே மோதல் எழுந்து ஒழுங்கு கெடும் என்பது காரணம். 2015 தைப்பூசத்தில் மேளம் வாசித்ததை ஒட்டி எழுந்த தகராறில் மூவர் கைதானார்கள். சமூகத்தில் பெரும் விவாதம் எழுந்தது. மறு ஆண்டு வழியில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது, 2019இல் குறிப்பிட்ட பகுதிகளில் தாளக் கருவிகளுக்கும் இடம் கிடைத்தது. நாற்பதாண்டுக்கு மேல் தெருவில் மேளம் கேளாத ஊரில், காதொலிக் கருவிக்குள் புகுந்த முழக்கத்தைத் தடுக்க எவராலும் முடியவில்லை.

7. பாட்டில் இடம்பெறாதவர்கள்

அட்லாண்டாவில் ட்ராப் செய்த முக்கியமான வேலை, நகரம் காண விரும்பாதவர்களைக் காணவைத்தது. அந்த வேலையைச் சிங்கப்பூரில் யார் செய்கிறார்கள்?

இனம் பற்றிப் பேசிய சொல்லிசை இங்கே விலை கொடுத்திருக்கிறது. 2019இல் ஒரு மின்னணுக் கட்டணச் சேவை விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு ‘கே. முத்துசாமி’ என்ற பெயர் அட்டையுடன் தோன்றினார். அதற்கு எதிர்வினையாகப் பிரீத்தி நாயரும் அவர் அண்ணனான சொல்லிசைஞர் சுபாஸ் நாயரும், சொல்லிசைப் பாடகி இகி அசேலியாவின் பாட்டு மெட்டில் ஒரு சொல்லிசைக் காணொளி வெளியிட்டார்கள். அதை நீக்கும்படி உத்தரவு வந்தது. இருவருக்கும் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பின்னர் இன, சமயக் குழுக்களிடையே பகைமையைத் தூண்ட முயன்றதாக நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான சுபாசுக்கு 2023இல் ஆறு வாரச் சிறை விதிக்கப்பட்டது. அட்லாண்டாவில் பாட்டு நீதிமன்றம் ஏறியது குற்றத்துக்குச் சான்றாக. இங்கே சொல்லே குற்றமாகி நீதிமன்றம் ஏறியது. அந்தக் காணொளியின் வசைமொழி எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முத்துசாமி என்ற பெயர் கேலிப்பொருளானதால் உண்டான காயம் உண்மையானது. அதைப் பாட ஒரு வழி இருந்தாக வேண்டும்.

இன்னும் ஆழமான மௌனம் ஒன்று உண்டு. தேக்காவில் ஞாயிறு மாலை நிற்கும் பெருங்கூட்டம் சிங்கப்பூரில் பிறந்தவர்களுடையதல்ல. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து கட்டடமும் கப்பலும் கட்டுகிற ஊழியர்கள் அவர்கள். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், லிட்டில் இந்தியாவைச் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. 2020இல் கொவிட் தொற்று தங்குவிடுதிகளில் பரவியபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த அறைகளுக்குள் மாதக்கணக்கில் முடக்கப்பட்டார்கள். மற்ற அனைவரும் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னும் அவர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2022 ஜூனில் விதி தளர்ந்தபோதும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக அவர்கள் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது.

ஒரே தெரு, ஒரே தமிழ். ஒருவருக்கு அது பெருமை பேசும் கடைத்தெரு. மற்றவருக்கு அனுமதி பெற்று வந்துபோக வேண்டியிருந்த இடம். நான்காம் பகுதியில் சிங்கப்பூர்த் தமிழருக்கு அட்லாண்டாவின் வீடு இல்லை என்றேன். சிங்கப்பூரில் பிறந்த தமிழரைப் பொறுத்தவரை அது சரி. நினைத்த நேரத்தில் வெளியேற முடியாத குடியிருப்பு, தனி விதி, வெளியாரின் சந்தேகப் பார்வை ஆகிய மூன்றும் துவாசிலும் சுங்கை காடுட்டிலும் உள்ள தங்குவிடுதிகளில் இருந்திருக்கின்றன. எழுதக்கூடியவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் தமிழ்க் கவிதைகளும் மேடையேறியிருக்கின்றன. எஃப்எல் ஸ்டூடியோவின் கைப்பேசி வடிவத்துக்கு இரட்டைக் கட்டில் போட்ட அறையின் மூலை போதும். யங் ராஜா திறந்த வழியில் அடுத்து வர வேண்டிய குரல் அங்கிருந்து வர வேண்டும். வந்தால், அதைப் பதிவு செய்யவும் ஒலி 96.8 வானொலியில் ஒலிக்கவிடவும் தமிழ்மொழி விழாவில் மேடை கொடுக்கவும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகள் இப்போதே ஆயத்தமாக வேண்டும்.